வளர்ப்பு இகுவானாவையும் பியர்டட் டிராகனையும் கையில் எடுக்கும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வீடுகள் சிலவற்றில், முன்பு மீன்தொட்டி இருந்த மேசையின் மேல் இப்போது பல்லி இனத்தைச் சேர்ந்த பச்சை இகுவானாவோ பியர்டட் டிராகனோ இருக்கிறது. வாங்கி வருகிறவர்களுக்கு என்ன தீனி வைப்பது, எந்த விளக்கைப் போடுவது என்று கடையில் சொல்லி அனுப்புகிறார்கள். எப்படிக் கையில் எடுப்பது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால் பிராணிக்கு எலும்பு முறிகிறது, வால் போகிறது. மனிதர்களுக்குக் கடியும் கீறலும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. இவற்றில் மிகப் பெரும்பகுதி, அவசரத்திலும் மேலிருந்து அள்ளிப் பிடிப்பதிலும் கையைக் கழுவாமல் விடுவதிலும் வருவதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நாயைப் போலவோ பூனையைப் போலவோ இந்த உயிர்கள் தடவலை விரும்பிக் கேட்பவை அல்ல. பழகிய கையைப் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கை தன்னைக் கீழே போடாது, நெரிக்காது என்று தெரிந்துகொண்டால் அதன்மேல் அமைதியாக உட்காரும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். இதை மனதார ஒப்புக்கொண்டவர்கள் சீக்கிரமே நன்றாகப் பழகிவிடுகிறார்கள். கொஞ்ச வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களிடம்தான் அது ஆண்டுக்கணக்கில் மிரண்டபடியே இருக்கிறது.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே எழுதப்படும் எதுவும் நம் காட்டு உயிர்களுக்குப் பொருந்தாது. உடும்பு, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருந்தால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பச்சோந்தியும் பாதுகாக்கப்பட்ட உயிர்தான். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தின் கிளுவை வேலியில் ஒன்றைக் கண்டால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். வேலியோரத்து ஒடக்கானையும் (ஓணான்) பிள்ளைகள் பிடித்துப் புட்டியில் அடைக்க விடாதீர்கள். பச்சை இகுவானா வெளிநாட்டு இனம் என்றாலும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அதை வைத்திருப்பவர்கள் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு முப்பது நாள் அவகாசம். கடைக்காரரிடம் பில்லையும் பிற தாள்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தர மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

வந்த புதிதில்

வீட்டுக்கு வந்த முதல் பத்துப் பதினைந்து நாட்கள் அதைத் தொடாமல் விடுங்கள். தீனி வைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் எச்சத்தை எடுப்பதும் தவிர வேறு எதற்கும் கூண்டுக்குள் கை போகக் கூடாது. புதிய இடம், புதிய வாசனை, புதிய ஓசை ஆகிய எல்லாம் சேர்ந்து அழுத்தும்போது, கையும் மேலே வந்து விழுந்தால் தீனியை நிறுத்திவிடும். உறவுக்காரர்களும் பிள்ளைகளும் பார்க்க வருவார்கள். தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்த கட்டத்தில் கையைக் கூண்டுக்குள் வைத்து, அசைக்காமல், சில நிமிடங்கள் அப்படியே இருங்கள். அது பின்வாங்காமல் இருக்கத் தொடங்கியதும் விரலில் தீனி நீட்டலாம். இகுவானா முழுக்க முழுக்கத் தழை தின்னும் உயிர். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, செம்பருத்திப் பூ மூன்றும் நம் வாசலிலேயே கிடைக்கின்றன, மருந்து அடிக்காதவையாக இருந்தால் போதும். செம்பருத்திப் பூவை இதழைப் பிடித்து நீட்டினால் பெரும்பாலானவை மறுப்பதில்லை. டிராகன் பூச்சியும் கீரையும் தின்னும். அதற்குப் பூச்சியை விரலால் கொடுப்பதைவிட நுனி மழுங்கிய இடுக்கியால் கொடுப்பது நல்லது. பூச்சி மணக்கும் விரலைப் பூச்சி என்றே நினைத்துக் கவ்வும். அது கோபம் அல்ல, பசி. தோட்டத்தில் பிடித்த பூச்சியையும் மின்மினியையும் கொடுக்கவே கூடாது. தக்காளிக்கும் பருத்திக்கும் அடித்த மருந்து பூச்சி வழியாக வந்து சேரும்; மின்மினியின் உடலில் உள்ள நஞ்சோ ஒன்றிரண்டிலேயே டிராகனைக் கொன்றுவிடக்கூடியது.

உடல் சொல்லும் செய்தி

கையை நீட்டும் முன் அதன் உடலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இகுவானா கோபப்பட்டால் தாடைக்குக் கீழே தொங்கும் தோலை விரித்து, நான்கு காலையும் நிமிர்த்தி, பக்கவாட்டில் தட்டையாகத் தன்னைப் பெரிதாக்கிக் காட்டும். வால் மெதுவாக வளைந்து ஒரு பக்கம் ஒதுங்கும். அந்த வால் ஒதுங்குவதைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும், அடுத்து வருவது சாட்டையடி. வளர்ந்த ஆண் இகுவானா வால் உட்பட ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும் என்பதால் அந்த அடி முகத்தில் பட்டால் சாதாரணமாக இருக்காது. டிராகன் தாடியை, அதாவது தொண்டைத் தோலை, ஊதிக் கறுப்பாக்கும், வாயைப் பிளந்து காட்டும். விளக்கின் நேர் கீழே உட்கார்ந்து அசையாமல் வாயைத் திறந்திருந்தால் அது வெப்பத்தைத் தணிக்கும் செயல், அச்சுறுத்தல் அல்ல; உங்களைப் பார்த்துக்கொண்டே தாடியையும் கறுப்பாக்கினால்தான் எச்சரிக்கை. முன்னங்காலை மெல்லச் சுழற்றி அசைப்பது பணிந்துபோகும் அடையாளம்.

பலரும் தவறாகப் படிக்கும் ஓர் அடையாளத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தடவும்போது இகுவானா கண்ணை மூடிக்கொண்டால், சுகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உற்றுப் பார்த்தால், பல நேரம் உங்கள் பக்கம் இருக்கும் கண் மட்டும் மூடியிருக்கும், மறுபக்கக் கண் திறந்திருக்கும். மூச்சு வேகமாக, விலா எலும்புகள் தெரிய ஏறி இறங்கும். விரல்கள் பிடிமானத்தை இறுக்கும். அது உங்களை விலக்கிவைக்க முயல்கிறது. உடல் தளர்ந்து, மூச்சு சீராக, இரு கண்ணும் சோம்பலாக மூடினால்தான் அமைதி. டிராகனை மல்லாக்கப் போட்டால் அசையாமல் கிடப்பதும் தூக்கம் அல்ல, பயத்தில் உறைந்து கிடப்பது. அதை வேடிக்கை காட்டவோ படம் எடுக்கவோ செய்யாதீர்கள்.

எடுக்கும் முறை

இகுவானாவின் உச்சந்தலையில், இரு கண்களுக்குப் பின்னால், வெளிறிய சிறு செதில் ஒன்று தெரியும். அதன் கீழே இருப்பது வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் உணரும் மூன்றாவது கண்; டிராகனுக்கும் அது உண்டு. மேலிருந்து கை இறங்கினால் அந்த நிழலை அது பருந்தின் நிழலாகவே கொள்கிறது. எனவே மேல்பக்கம் திறக்கும் தொட்டியைவிட முன்பக்கம் கதவுள்ள கூண்டே நல்லது. கையை எப்போதும் பக்கவாட்டிலிருந்து, அது பார்க்கும்படியாக, அதன் உடல் மட்டத்திலேயே கொண்டுவர வேண்டும்.

கை அருகில் வந்ததும் ஒரு நொடி நிறுத்துங்கள். பிறகு உள்ளங்கையை மார்புக்குக் கீழே நுழைத்து, விரல்கள் முன்னங்கால்களுக்கு இடையே வரும்படி தாங்குங்கள். மறுகை இடுப்பையும் வாலின் அடியையும் தாங்க வேண்டும். நான்கு காலுக்கும் எதையாவது மிதித்திருக்கும் உணர்வு இருந்தால் அது துள்ளாது. ஒரு கால் அந்தரத்தில் தொங்கினாலும் பதறும். வாலைப் பிடித்து ஒருபோதும் தூக்கக் கூடாது. இளம் இகுவானா வாலை உதறிவிட்டு ஓடிவிடும். மீண்டும் வளரும் வால் குட்டையாகவும் நிறம் மாறியும் இருக்கும். டிராகனுக்குப் போன வால் போனதுதான்.

இறுக்கிப் பிடிக்காதீர்கள் என்பதற்கு உடற்கூறு சார்ந்த காரணமும் உண்டு. பல்லி இனங்களுக்கு நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கிடையாது. விலா எலும்புகள் விரிந்து சுருங்குவதால்தான் மூச்சு உள்ளே போய் வருகிறது. மார்பைச் சுற்றி நெரித்தால் மூச்சே நின்றுபோகும். கால்சியமும் புற ஊதா வெளிச்சமும் போதாமல் வளர்ந்தவற்றுக்கு எலும்பு மென்மையாக இருக்கும். தாடை ரப்பர்போல் வளைவது, விரல்கள் துடிப்பது, கால் வளைந்து வீங்குவது ஆகியவற்றைக் கண்டால் கையில் எடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் சாதாரணமாகத் தூக்குவதே எலும்பை முறிக்கும். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் புற ஊதா வெளிச்சத்தின் பயன் கிடைக்காது. கண்ணாடி தேவையான கதிரை வடிகட்டிவிடும்.

தொடக்க நாட்களில் தரையில் பாய் விரித்து, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து எடுங்கள். துள்ளி விழுந்தாலும் ஒரு சாண் உயரம்தான். ஐந்து நிமிடம் போதும். பழகப் பழகப் பதினைந்து இருபது நிமிடம் வரை போகலாம். அது திமிறும் நேரத்தில் கூண்டில் விடாமல், ஒரு கணம் அமைதியானதும் விடுங்கள்; திமிறினால் விடுதலை கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளக் கூடாது. அதே நேரம், உண்மையாகவே மிரண்டிருந்தால் அமைதியாகும்வரை பிடித்துவைப்பேன் என்று போராடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில வாரங்களில் கைக்கே தெரிந்துவிடும்.

பெரிய இகுவானாவை முன்கையின் மேல் நீளவாக்கில் படுக்கவைத்து, வாலை உங்கள் முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே அணைத்துக்கொண்டால் சாட்டையடிக்கு இடமிருக்காது. தோளில் ஏற்றாதீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் அருகே நகமும் பல்லும் இருப்பது ஒரு காரணம். தோளிலிருந்து அது தாவும் அடுத்த இடம் சீலிங் ஃபேனாக இருக்கலாம் என்பது இன்னொன்று. கூண்டைத் திறக்கும் முன்பே ஃபேனை நிறுத்திவிடுங்கள், நாயையும் பூனையையும் வெளியே அனுப்பிவிடுங்கள், கதவைத் தாழிடுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கதவும் சன்னலும் தாமாக அறைந்து சாத்துவது கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்குத் தெரியும்; தரையில் ஊரும் பிராணியின் வாலும் விரலும் நசுங்க அப்படி ஒரு முறை அறைந்தாலே போதும். தோட்டத்தில் கையில் வைத்துக்கொண்டு உலாவுவதும் வேண்டாம். இகுவானா ஒரு முறை தென்னையில் ஏறிவிட்டால் அதை இறக்குவதற்கு மரமேறத் தெரிந்த ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும். அவர் ஏறினால் அது இன்னும் மேலே போகும்.

உடுப்பும் துண்டும்

பனியன் துணியில் நகம் மாட்டிக்கொள்ளும். பின்னலாடை நம் ஊர்த் தொழிலே என்றாலும் இந்த வேலைக்கு அது ஆகாது. நெருக்கமாக நெய்த முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். நகம் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். உடலைத் தாங்கியபடியே ஒவ்வொரு விரலாக, நகம் வளைந்திருக்கும் போக்கிலேயே மேலே தூக்கி விடுவிக்க வேண்டும். இழுத்தால் நகம் வேரோடு வந்துவிடும்.

தடித்த தோல் கையுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அதில் தெரியாது. மருந்து கொடுக்கவோ நகம் வெட்டவோ அடக்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தில் துண்டே சிறந்தது. வளையம் வளையமாக நூல் நிற்கும் டர்க்கித் துண்டு நகத்தைப் பிடிக்கும். சென்னிமலை, ஈரோட்டுத் தறியில் நெய்த வழவழப்பான பருத்தித் துண்டு இதற்குப் பொருத்தமாக இருக்கும். துண்டைத் தலையிலிருந்து பின்னோக்கி மூடி, கண் மறைந்ததும் அது சற்று அடங்கும். முன்னங்கால்களை உடலோடும் பின்னங்கால்களை வால் அடியோடும் சேர்த்து அணைத்துச் சுற்றி, வேண்டிய காலை மட்டும் வெளியே எடுங்கள். மூக்குத்துளை மூடாமலும் மார்பு இறுகாமலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நகத்தின் கூர்நுனியை மட்டும் வெட்டுங்கள், உள்ளே இரத்தக்குழாய் ஓடுகிறது.

எப்போது தொடக் கூடாது

இவற்றின் உடல்சூடு வெளிச்சூட்டைப் பொறுத்தது. மார்கழி, தை மாதங்களில் கோவைப் பக்கம் அதிகாலைக் குளிர் இருபது டிகிரிக்குக் கீழே போகும்போது, விளக்கு இல்லாத பிராணி கட்டைபோல் கிடக்கும். அந்த நேரத்தில் அது சாதுவாக இருப்பதாக எண்ணி எடுத்துக் கொஞ்சுவது கொடுமை. ஓடவோ எதிர்க்கவோ அதற்குச் சூடு இல்லை. விளக்கின் கீழோ வெயிலிலோ ஓரிரு மணிநேரம் காய்ந்த பிறகே எடுங்கள். சித்திரை வைகாசியில் கரூர், ஈரோடு வெயில் நாற்பதைத் தாண்டும் நாட்களில் நண்பகலில் எடுக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையுள்ள அறையில் கூண்டை வைக்கவும் வேண்டாம்.

தீனி தின்ற ஓரிரு மணிநேரம் தொட்டால் கக்கிவிடும். தோல் உரிக்கும் நாட்களில் நிறம் மங்கி எரிச்சலாக இருக்கும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் தானாக வரும். விரல் நுனியில் மோதிரம்போல் நின்றுபோன தோல் மட்டும் இரத்த ஓட்டத்தை அடைத்து விரலையே பட்டுப்போகச் செய்யும் என்பதால் அதைக் கவனித்து ஊறவைத்து நீக்க வேண்டும். முட்டை சுமக்கும் பெண்ணையும், இனச்சேர்க்கைக் காலத்து ஆண் இகுவானாவையும் முடிந்தவரை அப்படியே விடுங்கள். ஆண்டு முழுக்கப் பழகிய ஆண்கூட அந்தச் சில மாதங்களில் வளர்த்தவரையே கடிக்கும்.

கை கழுவுதல்

சுவரில் ஓடும் பல்லி நஞ்சுள்ளது என்று அஞ்சும் பல வீடுகளில், அந்த அச்சத்துக்குரிய உண்மையான காரணம் தெரிவதில்லை. நம் வீட்டுப் பல்லிக்கும் இகுவானாவுக்கும் டிராகனுக்கும் மனிதரைக் கொல்லும் நஞ்சு கிடையாது. ஆனால் குடலில் சால்மொனெல்லா என்ற கிருமி நோயில்லாமலே இருக்கும், எச்சத்தோடு அவ்வப்போது வெளியேறித் தோலிலும் கூண்டிலும் ஒட்டியிருக்கும். பார்வைக்குச் சுத்தமான பிராணியிலும் அது உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் பச்சை முட்டையைத் தொட்டுக் கை கழுவுவதும் இதே கிருமிக்காகத்தான். எடுப்பதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு இருபது நொடி, நகக்கண் உட்படக் கழுவுங்கள். சானிடைசர் இதற்கு ஈடாகாது.

கூண்டையும் தண்ணீர்த் தட்டையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ் வைத்து, அழுக்குத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். இட்லி மாவு ஆட்டும் மேடைப் பக்கம் அது ஊரவே கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், அறுபத்தைந்தைக் கடந்த அப்புச்சி அம்முச்சிமார், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தொடாமல் இருப்பதே சரி. பல்லி மேலே விழுந்தால் பலன் பார்க்கும் பெரியவர்கள் மடியில் இதைக் கொண்டுபோய் விடுவதும் மரியாதை அல்ல. அவர்கள் பதறி உதறினால் அடிபடுவது அதுதான். தொட்ட சில நாட்களுக்குள் காய்ச்சலும் வயிற்றுவலியும் பேதியும் வந்தால் வீட்டில் இன்ன பிராணி இருக்கிறது என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடித்தால்

இகுவானாவின் பற்கள் ரம்பம்போல் சிறு பல்வரிசை கொண்டவை. கடித்ததும் கையை வெடுக்கென்று இழுப்பதுதான் இயல்பு. இழுத்தால் தோல் கிழியும், அதன் பல்லும் உடையும். பிராணியின் நான்கு காலையும் தரையில் பதியவைத்து, கையை அசைக்காமல் காத்திருங்கள். தப்ப வழி தெரிந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் வாயோரமாகக் குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றலாம். வாயை நெம்பித் திறக்காதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடங்கள் கழுவுங்கள். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளிடமிருந்து வருவது, இவற்றிடமிருந்து வராது. ஆனால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டோம் என்று பார்க்க வேண்டும். விரல் மூட்டிலோ முகத்திலோ ஆழமாகப் பட்டிருந்தாலும், அடுத்த நாள் சிவந்து வீங்கினாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சளையும் காபித்தூளையும் அப்பிக்கொண்டு போகாதீர்கள்.

பிராணிக்கு அடிபட்டால் எங்கே கொண்டுபோவது என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் பலருக்கு மாடு, ஆடு, கோழியில் உள்ள பழக்கம் இவற்றில் இருக்காது. நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் ஊர்ச் செல்லப்பிராணி மருத்துவமனையிலோ, ஊர்வனவற்றைப் பார்ப்பீர்களா என்று போனில் கேட்டுவிட்டுப் புறப்படுவது அலைச்சலைக் குறைக்கும். பயணத்துக்கு, பிராணியைத் தலையணை உறைக்குள் விட்டு உறையின் வாயைத் தளர்வாகக் கட்டி, துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். பைக் டேங்கின் மேலும் பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள். கடைசியாக எப்போது தின்றது, எப்போது எச்சமிட்டது, கூண்டின் சூடு எவ்வளவு, விளக்கு மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.